நாற்பது நாள் பச்சை

என் கார்டில் 'பரணி, பி.எஸ்சி. தோட்டக்கலை, நடவு ஆலோசகர்' என்று அச்சடித்திருக்கிறேன். வாங்கிப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். செடி நடுவதற்கு ஆலோசனை வேறயா என்றார்கள். பங்களா கட்ட ஒரு இன்ஜினியர், அதற்குள் சோபா எங்கே போடுவது என்று சொல்ல ஒரு ஆள், அந்த சோபா எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல இன்னொரு ஆள் என்று வைத்துக்கொள்கிறவர்கள், மண்ணைப் பற்றி மட்டும் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தார்கள். ஆறு மாதம் கார்டைச் சுமந்து திரிந்தேன். முதல் வேலை அம்மா மூலமாகத்தான் வந்தது.

அம்மா மருதம்மாள், திருப்பூர் அருள்புரத்தில் கிட்டுசாமி என்பவரின் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புகிற வேலை. பதினெட்டு வருடம் நின்றுகொண்டே பார்த்திருக்கிறாள். எங்கள் சொந்தத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்றால் அது அவள் காலும் கண்ணும் போட்ட பிச்சை.

முதலாளி வீட்டில் வைகாசியில் பெண்ணுக்குக் கல்யாணம். பந்தல் போட்டு ஆயிரம் பேர் நடந்த வீட்டு முற்றத்தில் மண் சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது. புல் செத்துவிட்டது. ஆடிக்குப் பெண்ணை அழைத்து வருவதற்குள் தோட்டம் பச்சையாக வேண்டும் என்று அந்த வீட்டம்மா புலம்ப, "எம்புள்ளை அதுக்குத்தானுங்க படிச்சிருக்குது" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

"பாத்துப் பேசு கண்ணு. உன்ற வாயை ஊட்லயே வெச்சுட்டுப் போ," என்று சொல்லித்தான் என்னை அனுப்பினாள்.

வீட்டம்மாவின் பெயர் முத்தாத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனம்மிணி, செடி எங்க? வெறுங்கையோட வந்திருக்கற?"

"செடி அப்பறமுங்கம்மா. மொதல்ல மண்ணையும் தண்ணியையும் பாக்கோணும்."

"மண்ணுல என்ன பாக்கறது? மண்ணு மண்ணாட்டந்தான் இருக்கும்."

நான் நாலு இடத்தில் மண் எடுத்துப் பையில் போட்டேன். போர் தண்ணீரைப் பிடித்து உப்பு அளக்கிற மீட்டரை அதில் முக்கினேன். எண் ஏறிக்கொண்டே போனது.

"இந்தத் தண்ணியை ஊத்துனா முக்காவாசிச் செடி நிக்காதுங்கம்மா. அத்தனை உப்பு."

"அதைச் சொல்றதுக்கு ஒரு மிஷினா? நாங்க இதுல காலு கழுவறதோட சரி. லாரித் தண்ணி சொல்லிக்கலாம்," என்றார்.

பூமிக்கடியில் இத்தனை உப்பு எங்கிருந்து வந்தது என்று அந்தத் தெருவில் ஒருவரும் கேட்டதில்லை. துணி வெள்ளையாகவும் சிவப்பாகவும் நீலமாகவும் ஆக என்னென்ன ஊற்றினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தை யார் கேட்பார்கள்?

அன்று முழுக்க வெயில் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது என்று குறித்தேன். இரண்டு நாள் கழித்து வரைபடம் கொண்டுபோனேன். மேற்கு வெயிலை மறைக்க ஆளுயரப் புங்கன் இரண்டு. சுவரோரம் அரளி, காகிதப்பூ. பூஜைக்கு நந்தியாவட்டை. புல்தரை பாதியாகக் குறைத்து, மீதியில் மண்ணைக் கிளறித் தென்னை நார்க்கழிவு போட்டு மூடாக்கு. முத்தாத்தாள் அம்மா படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் சரி என்றார்.

"என்னமோ படிச்சவ சொல்ற, செய்யி. ஆனா ஒரு மூலையை மட்டும் நீ தொடாத. தொடாம காப்பாத்து. அதுக்குத்தான் உன்னைய வெச்சிருக்கறதே."

வடகிழக்கு மூலைக்கு அழைத்துப் போனார். அங்கே நின்றது முகூர்த்தக்கால்.

கல்யாணத்துக்கு முன்னால் பாலமரத்தில் மூன்று கிளையாகப் பிரிகிற கொப்பு ஒன்றை வெட்டி வந்து, நவதானியம் முடிந்த மஞ்சள் துணியைக் கட்டி, பந்தலில் நடுவார்கள். கல்யாணம் முடிந்து சில நாளில் பிடுங்கித் தண்ணீரில் விட்டுவிடுவது வழக்கம். இவர்கள் விடவில்லை. ஏனென்றால் அது துளிர்த்துவிட்டது. மணிக்கட்டு கனத்தில், மார்பளவு உயரத்தில் நின்ற அந்தக் கட்டையின் மூன்று முனையிலும் இளம்பச்சைக் கொத்துகள்.

"பாத்தியா, எப்படித் தளுத்திருக்குதுன்னு! மாமன் மச்சான் ஊட்ல எல்லாம் எத்தன கல்யாணம். எந்தக் கால் தளுத்திருக்குது? என்ற அக்ஷராவுக்குத்தான் தளுத்துது. இது நிக்கிற வரைக்கும் அவ பொழப்பு நிக்கும்."

நான் குனிந்து பார்த்தேன். என் வாய் வீட்டில் இருக்கவில்லை. கூடவே வந்திருந்தது.

"இது வேர் விடாதுங்கம்மா. கட்டைக்குள்ள மிச்சமிருக்கிற பாலை வெச்சுத் துளிர்க்குது. அது தீர்ந்தா வாடிப்போயிரும். நாப்பது நாள், மிஞ்சினா கொஞ்சம் கூட."

அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை. கோபம்கூட இல்லை. பயம்.

"போயி வாயைக் கழுவீட்டு வா," என்றார்.

"என்னங்கம்மா?"

"அந்தக் குழாய்ல வாயைக் கழுவீட்டு வா அம்மிணி. நல்ல வார்த்தை சொல்லு."

விளையாட்டு என்று நினைத்தேன். அவர் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். நான் போய் அந்த உப்புத் தண்ணீரில் வாயைக் கொப்பளித்தேன். பிறகு, "பாத்துக்கறேனுங்கம்மா, நல்லா வருமுங்க," என்றேன். பட்டம் வாங்கிய பிறகு நான் சொன்ன முதல் தொழில்முறைப் பொய் அது.

லாரித் தண்ணீர் கொண்டுவந்தவர் ராஜபாண்டி அண்ணன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடமாகத் திருப்பூரில் டேங்கர் ஓட்டுகிறவர். தண்ணீர் இறங்குகிற அரைமணி நேரமும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நான் செய்வதையெல்லாம் வேடிக்கை பார்ப்பார். "ஏத்தா, மனுசங்க குடிக்கிற தண்ணிய புல்லுக்கு விடுற. எங்கூருல இதப் பாத்தா அழுதுருவாக," என்பார். மூன்று வாரத்தில் மண் இளகியது. அரளி பிடித்துக்கொண்டது. புல் நெசவு மாதிரி பின்னிக்கொண்டு வந்தது. நான் கற்றது பொய்யில்லை என்று முதல்தடவையாக என் கண்ணாலேயே பார்த்தேன்.

கால் மட்டும் வாடியது. முதலில் ஒரு கொத்து தொங்கியது. நிழல்வலை கட்டினேன். சாக்கை நனைத்துச் சுற்றினேன். வேர் பிடிக்க வைக்கிற மருந்தைக் கரைத்து ஊற்றினேன். எல்லாம் வீண் என்று தெரிந்தேதான் செய்தேன். ஆனி மாதக் கடைசியில் மூன்று கொத்தும் பழுப்பாகச் சுருண்டன.

முத்தாத்தாள் அம்மா அந்தக் கட்டைக்கு முன்னால் நின்று சத்தம் வராமல் அழுதார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பிறகு அவர் மூக்கைச் சிந்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஞாயித்துக்கெழமை நாங்க குலதெய்வங் கோயிலுக்குப் போறம். நான் திரும்பி வரும்போது இது பச்சையா இருக்கோணும். இல்லீன்னா நீ என்னத்தப் படிச்ச? மருதம்மா புள்ளை படிச்சுது படிச்சுதுன்னு கம்பெனி பூராச் சொல்லிக்கிட்டுத் திரியறா. என்னத்தப் படிச்ச?"

வேலை போய்விடும் என்ற பயத்தில் செய்தேன் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். அது பாதிதான். அந்தக் கேள்விக்காகச் செய்தேன். என்னத்தப் படிச்ச என்று கேட்டவர் வாயை அடைப்பதற்காகச் செய்தேன்.

மூன்று நாள் நாற்றுப்பண்ணை நாற்றுப்பண்ணையாக ஏறி இறங்கி, உடுமலைப்பேட்டை ரோட்டில் நாட்டு மரங்கள் வளர்க்கிற ஒருவரிடம் வெட்பாலை, அதாவது அதே பாலமரம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். பெரிய கறுப்புப் பையில் ஐந்து வருடம் வளர்ந்த மரம். மூன்று கிளை. அதே கனம். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டார் கிளம்பியதும் ராஜபாண்டி அண்ணனின் வண்டியில் ஏற்றி வந்தேன்.

கட்டையைப் பிடித்து லேசாக இழுத்தேன். ஒரு மறுப்பும் சொல்லாமல் வந்துவிட்டது. அடியில் ஒரு வேர்கூட இல்லை. கறுத்து, அழுகி, நாறியது.

"ஏத்தா, இது சாமி காரியம்ல. தப்பில்லயா?" என்றார் ராஜபாண்டி.

"செத்த கட்டையைச் செத்ததுன்னு சொன்னா வாயைக் கழுவச் சொல்றாங்கண்ணே."

அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "அப்பச் சரி. தூக்கு."

கிளைகளை அதே நீளத்துக்குக் கழித்தேன். பழைய மஞ்சள் துணியை அவிழ்த்துப் புதிய மரத்தில் கட்டினேன். முனைகளில் மட்டும் இலையை விட்டேன். சாயங்காலம் கோயிலிலிருந்து திரும்பிய முத்தாத்தாள் அம்மா காரிலிருந்து இறங்கி நேராக அந்த மூலைக்குத்தான் போனார். கைகூப்பி நின்றார். திரும்பி வந்து என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "படிச்சவ படிச்சவதான்," என்றார். அந்த வாரமே இரண்டு வீட்டுக்கு என் பெயரைச் சொன்னார்.

ஆடி பிறந்தது. அக்ஷரா வந்தாள்.

அவளை உடுமலையில் தென்னந்தோப்புக்காரர் வீட்டில் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை பெயர் தரணீதரன். அழைத்து வந்த அன்று வாசல் வரை வந்தார். வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். "தோட்டம் சூப்பரா இருக்குங்க," என்று என்னிடம்கூடச் சொன்னார். விருந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் கார் மறைகிற வரைக்கும் அக்ஷரா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழியனுப்புகிறாள் என்று நினைத்தேன். போய்விட்டாரா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. அவளும் டிகிரி முடித்தவள். காலையில் நான் களை பிடுங்க வந்தால் புல்தரை ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். இது என்னங்க செடி, இது எப்பப் பூக்கும் என்று கேட்பாள். முந்தானைக்குள்ளேயே மறைத்து வைத்திருந்த இடதுகைச் சுண்டுவிரலை ஆடிக் கடைசி வாரத்தில்தான் பார்த்தேன். நடுக்கணுவில் வெளிப்பக்கமாக வளைந்து நின்றது.

"கார்க் கதவுல பட்டுருச்சுங்க," என்றாள். ஒரு அரளிக் கிளையைக் கிள்ளி, அதிலிருந்து பால் சொட்டுவதைப் பார்த்தாள். "அப்படித்தான் எங்கூட்ல சொல்லீருக்குது."

"நெஜமா என்னங்க?"

"நான் கையை வெச்சிருக்கறது தெரிஞ்சேதான் சாத்துனாரு. போன் பேசுனதுக்கு. எங்கூடப் படிச்ச புள்ளைகிட்டப் பேசுனேன். ஆஸ்பத்திரிக்குப் போகவே ரெண்டு நாளாச்சு." வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "தோப்புக்குள்ள ஊடுங்க. கத்துனா தென்னமரம் கேக்கும். ஆனி கடைசி ஞாயித்துக்கெழமை."

அந்த ஞாயிற்றுக்கிழமை எந்த ஞாயிற்றுக்கிழமை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"அம்மாகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். ஆவணிக்கு நான் போகலீங்கம்மான்னு அழுதேன். எங்கம்மா என்ன பண்ணுனாங்க தெரியுமா? கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து அங்க நிறுத்தினாங்க." வடகிழக்கு மூலையைக் காட்டினாள். "பாரு, வெட்டுன கட்டையே தளுத்து நிக்குது, நீ தளுக்க மாட்டியா, கொஞ்சம் பொறுத்துக்க சாமீன்னாங்க. அப்பாகிட்டப் போனேன். அவரு ஷிப்மெண்ட் டென்ஷன்ல இருந்தாரு. 'இதெல்லாஞ் சின்ன ஆல்டரு கண்ணு. பிரிச்சுத் தெச்சாச் சரியாயிரும். அதுக்காகப் பீஸையே ரிஜெக்ட் பண்ண முடியுமா'ங்கறாரு."

கையிலிருந்த களைக்கொத்தை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வாய் கழுவியது, அழுகிய கட்டை, கறுப்புப் பை, ராஜபாண்டி அண்ணன், எல்லாம்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

"அப்ப அது எப்பவோ செத்துப்போச்சுங்களா?"

"ஆமாங்க."

"எங்கம்மாகிட்டச் சொல்லுவீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா நம்புவாங்க. அது போயிருச்சுன்னு தெரிஞ்சா என்னைய அனுப்ப மாட்டாங்க. சொல்லுவீங்களா?"

"சொல்றேனுங்க," என்றேன்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கேட்டபடியே கெண்டைக்காலைப் பிசைந்தாள்.

"நீ சொன்னா நாளன்னைக்கு எனக்கு அங்க டேபிள் இருக்காது. தெரியுமல்ல?"

"தெரியும்மா."

"அந்தப் புள்ளை ஆடி வெள்ளிக்கு கம்பெனி பூஜைக்கு வந்துது. விரலைப் பாத்தேன். கதவுல பட்ட கையா அது? பதினெட்டு வருஷமா டேமேஜைப் பாத்தே கண்ணு பூத்துப்போச்சு எனக்கு." காலை மடக்கிக்கொண்டாள். "பாத்துட்டுப் பாஸ் பண்ணுனா அது செக்கர் மேல தப்பு. போயிச் சொல்லிப்போடு."

அன்று மட்டும் எனக்கு நம்பிக்கை இருந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் போனதை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஆடி முடிய ஐந்து நாள் இருந்தது. முத்தாத்தாள் அம்மா கூடத்தில் உட்கார்ந்து, பெண்ணோடு அனுப்ப முறுக்கையும் அதிரசத்தையும் எவர்சில்வர் அடுக்குகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். அக்ஷரா மாடிப்படியில் பாதியில் வந்து நின்றாள்.

"ஏனுங்கம்மா, ஒண்ணு சொல்லோணும். அந்த முகூர்த்தக்கால் செத்துப்போச்சுங்க. ஆனியிலயே. நான்தான் வேற மரத்தை வாங்கியாந்து வெச்சேன்."

அவர் கை அடுக்கின் மேல் அப்படியே நின்றது. நம்பவில்லை. தோட்டத்துக்கு அழைத்துப் போய் மரத்தடியைக் கையாலேயே தோண்டிக் காட்டினேன். வேர்ப்பந்தில் ஒட்டியிருந்த கறுப்புப் பையின் துண்டை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"நீங்க கும்புட்டது எல்லாம் நான் வாங்கியாந்த மரத்தையுங்கம்மா. அக்ஷராவை அனுப்பாதீங்க. அதைக் காரணஞ் சொல்லி அனுப்பாதீங்க."

அவர் அந்தப் பிளாஸ்டிக் துண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"என்னைக்கு மாத்துன?"

"நீங்க கோயிலுக்குப் போன அன்னைக்குங்க. ஞாயித்துக்கெழமை."

"காலையிலயா, மத்தியானமா?"

"காலையிலங்க. எதுக்குங்கம்மா?"

"அவளுக்குக் கையில அடிபட்டது மத்தியானம்."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. அவருக்கு ஆகவில்லை. அவர் கண்ணில் அதற்குள் எல்லாம் பொருந்திவிட்டது.

"காலையில நீ என்ற புள்ளை காலைப் புடுங்குன. மத்தியானம் அவளுக்குக் கை ஒடைஞ்சுது." குரல் ஏறியது. "நல்ல பையன்னு நானுந்தான் நெனச்சுட்டிருக்கறன், எப்படி இப்படி ஆச்சு, ஏன் அவருக்குப் புத்தி மாறுச்சுன்னு. பாவி, நீ புடுங்கிப் போட்டிருக்கற!"

"அம்மா, அதுக்கு முன்னாடியே அது செத்துருச்சு. வேரே இல்லீங்க. அழுகி..."

"நீ அன்னைக்கே செத்துரும்ன. வாயைக் கழுவச் சொன்னேன். ஒழுங்காக் கழுவுனயா நீ?"

"அவரு கதவைச் சாத்துனதுக்கும் கட்டைக்கும் என்னங்க சம்பந்தம்? அவரு வேணுமின்னே சாத்துனாரு! உங்க புள்ளையைக் கேளுங்க!"

கேட்க வேண்டிய பெண் வாசற்படியில்தான் நின்றுகொண்டிருந்தாள். முத்தாத்தாள் அம்மா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டார். அழுதார், சிரித்தார். "பயப்படாத சாமி, காரணம் தெரிஞ்சுபோச்சு. மாப்ளை மேல தப்பில்ல. எல்லாம் இவ பண்ணுன வேலை. புதுசா நட்டுட்டா எல்லாம் சரியாப் போயிரும். இனி ஒண்ணுமில்ல உனக்கு." அவர் தோளுக்கு மேலாக அக்ஷரா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் திட்டுகூட இல்லை.

கிட்டுசாமி வந்தார். கேட்டார். என்னிடம் குரலை உயர்த்தவில்லை. "சரிம்மா, நீ போ," என்றார். நான் கேட்டைத் தாண்டுவதற்குள் கம்பெனி மேனேஜருக்குப் போன் செய்து, மருதம்மாள் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு நான் செய்யாதது இல்லை. அக்ஷராவுக்குப் போன் செய்தேன். நம்பர் உபயோகத்தில் இல்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். உள்ளே இருந்த பெண் போலீஸ், "புகார் அந்தப் பொண்ணு குடுக்கோணுமுங்க. நீங்க அவங்களுக்கு யாரு?" என்று கேட்டார். தோட்டம் வைத்துக் கொடுத்தவள் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

ஆவணி நாலாம் தேதி காலை ராஜபாண்டி அண்ணன் போன் செய்தார். "ஏத்தா, ஒம் மரத்தப் பிடுங்கி ரோட்டுல வீசிட்டாக. வந்து எடுத்துக்க. மாடு கடிக்குது."

போனேன். கடப்பாரையால் நெம்பியிருக்கிறார்கள். ஆணிவேர் பாதியில் அறுந்து, ஐந்து வருடம் வளர்ந்த மரம் சாக்கடை ஓரத்தில் கிடந்தது. உள்ளே நாதஸ்வரம் செல்போனில் பாடிக்கொண்டிருந்தது. அவர்கள் சமூகத்தில் கல்யாணச் சடங்கு செய்துவைக்கிற அருமைக்காரரை அழைத்து வந்து, ஈரத் துணியோடு நிறுத்தி, புதிதாக ஒரு பாலக்கொப்பை நட்டிருந்தார்கள். காலையில் வெட்டியது. அடியில் இன்னும் பால் வடிந்துகொண்டிருந்திருக்கும். மஞ்சள் துணி பளபளவென்று இருந்தது. முத்தாத்தாள் அம்மா லாரித் தண்ணீரைச் செம்பில் மொண்டு அதற்கு ஊற்றினார். தரணீதரன் பக்கத்தில் கைகட்டி நின்றார். வெள்ளைச் சட்டை, சிரித்த முகம்.

கார் டிக்கியில் அடுக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அக்ஷரா பட்டுச் சேலையில் கேட்டுக்கு வெளியே வந்தாள். செருப்பை மாட்டுவது மாதிரி குனிந்தாள். நான் மரத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் சாக்கடை.

"ஏங்க," என்றாள், என் பக்கம் பார்க்காமல். "இது வேர் விடுங்களா?"

"விடாதுங்க."

"நெஜமாவே விடாதுங்களா?"

"எதுவும் விடாதுங்க. வெட்டுன கட்டை."

"எத்தன நாளைக்குப் பச்சையா இருக்கும்?"

"நாப்பது நாள்."

அவள் வளைந்த விரலால் செருப்பு வாரை இழுத்து மாட்டினாள். உதடு அசைந்தது. எண்ணிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. ஆவணி, புரட்டாசி.

"அப்பச் சரிங்க. நாப்பது நாள் தாங்கிக்குவேன். அது காஞ்சுட்டா எங்கம்மா என்னைய அங்க வெச்சிருக்க மாட்டாங்க. வந்து கூட்டிக்குவாங்க. இல்லீங்களா?"

இது காய்ந்தால் இன்னொன்றை வெட்டி வந்து நடுவார்கள் என்று சொல்ல வாய் வந்தது. எதையும் பட்டென்று போட்டு உடைக்கிற வாய். அம்மா எத்தனை தடவை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லியும் கேட்காத வாய்.

"ஆமாங்க," என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்க் காரில் ஏறினாள். தரணீதரன் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்ட பிறகுதான் அவர் சாத்தினார்.

மரத்தை எங்கள் லைன் வீட்டுக்குக் கொண்டுவந்து சாக்கில் நட்டிருக்கிறேன். குடிதண்ணீரில் பங்கு கொடுக்கிறேன். இலையெல்லாம் உதிர்ந்துவிட்டது. அம்மா இப்போது வேறொரு கம்பெனியில் பீஸை மடித்து அடுக்குகிற கைமடி வேலைக்குப் போகிறாள். அங்கே செக்கிங் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மடிக்கிறபோது டேமேஜ் கண்ணில் பட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். மடித்து வைத்துவிடுவேன் என்றாள்.

எனக்கு வேலை தருவதாகச் சொன்ன இரண்டு வீடும் வேண்டாம் என்றுவிட்டன. ஆனாலும் தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் போகிறேன். அக்ஷரா போய் இன்றைக்கு முப்பத்தோராம் நாள். நான் வைத்த புங்கன் சுவருக்கு மேலே வந்துவிட்டது. அதன் நிழலில் நின்று எட்டிப் பார்த்தேன். கால் துளிர்த்திருக்கிறது. மூன்று முனையிலும்.